மடங்கு கூரையும் கதவுக் கண்ணாடியும்

"கூரையை மூடியிருந்தும் மழை மடியிலே பெய்கிறது, என் செய்வது?" என்று துணிக்கூரை போட்ட பழைய ஹெரால்டு வண்டி வைத்திருக்கும் கிடர்பூர் அன்பர் ஒருவர் கேட்டுள்ளார். தந்தையார் விட்டுச்சென்ற வண்டி. விற்க மனம் வரவில்லை. பட்டறைக்காரர் ஒருவர் தடித்த புது ரப்பர் ஒட்டிப் பணம் பெற்றுக்கொண்டார், ஒழுக்கு நின்றபாடில்லை.

ஹெரால்டு நமக்கு அயல் வண்டியன்று. இத்தாலியச் சிற்பி மிக்கெலோட்டி உருவமைக்க, 1959இல் இங்கிலாந்தில் பிறந்த அது, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு பெயரோடு உருவாயிற்று. சுமார் 25 அடி வட்டத்துள் திரும்பிவிடும். கிடர்பூர்ச் சந்துகளுக்கென்றே செய்தாற்போன்ற குணம்! அதன் உடற்கூடு பல துண்டுகளாய், தனி அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பெற்றது. கூரையும் அவ்வாறே கழலக்கூடியது. ஆகவேதான் அதனைக் கழற்றித் துணி போர்த்தும் ஆசை பலருக்கு எழுந்தது. உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசடரோ அத்தகையதன்று. அதற்குத் தனி அடிச்சட்டம் இல்லை; கூரையும் எலும்புக்கூட்டின் ஒரு பகுதியே. அதனை அறுப்பவர் வண்டியின் முதுகெலும்பையே அறுக்கிறார்.

இனி ஒழுக்கிற்கு வருவோம். கண்ணாடியும் கூரையும் பொருந்தாமைக்குக் காரணம் பெரும்பாலும் அவ்விரண்டிலும் இருப்பதில்லை, கீழே இருக்கிறது. வண்டியைச் சமதரையில், நான்கு சக்கரங்களின்மேல் நிறுத்திக் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நோக்குக. மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பின், கீல் தேய்ந்திருக்கலாம். உடற்கூட்டின் தாங்கிகளும் அமுங்கியிருக்கலாம். பிறகு ஒரு மூலையில் ஜாக்கி கொடுத்துத் தூக்குக. தரையில் இனிதே மூடிய கதவு இப்போது இடித்தால், அடிச்சட்டம் துருவேறித் தளர்ந்துள்ளது என்று ஐயுறுக. அதனைச் செப்பனிடாமல் மேலே கை வைப்பது பணத்தை ஹூக்ளியில் எறிவதை ஒக்கும்.

அடித்தளம் உறுதியெனில், முதலில் கீல்களையும், உடற்கூட்டுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள தகடுகளையும் சீர்செய்து கதவை நேராக்குக. அடுத்து முன் கண்ணாடிச் சட்டத்தின் சாய்வு. அதற்கடுத்துக் கதவுக் கண்ணாடி. இதற்கு மேற்சட்டம் இல்லாமையால், கதவினுள் உள்ள வழிகாட்டிப் பள்ளங்களின் திருகுகளைத் தளர்த்திக் கண்ணாடியை உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ சாய்க்க வேண்டும். கூரைக் கம்பிகளை இறுதியாகவே தொடுக. அன்பரின் பட்டறைக்காரர் இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். தடித்த ரப்பர் கண்ணாடியை வெளியே தள்ளி வேறோர் இடுக்கைத் திறந்துவிடும் அன்றோ?

பொருத்தத்தைச் சோதிக்கக் கண்ணாடி விளிம்பில் சாக்குக்கட்டி தேய்த்துக் கதவை மூடித் திறக்கலாம். ரப்பரில் சுவடு விழாத இடமே ஒழுகும் இடம். ஒரு தாளை இடையிலிட்டு மூடி இழுப்பதும் நன்று, இறுக்கத்தோடு வரவேண்டும். பின்னர் ஒருவர் கைவிளக்குடன் உள்ளே அமர, மற்றொருவர் குழாய்நீரைக் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாய்ப் பாய்ச்சுக. எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் நீர் எவ்வழி நுழைந்ததெனத் தெரியாது. கதவினுள் ஓரளவு நீர் இறங்குவது இயல்பே. அடியிலுள்ள வடிதுளைகள் அடைபட்டால் கதவு உள்ளிருந்தே துருவேறும்.

புதுவகை வண்டிகளில் கதவைத் திறந்ததும் கண்ணாடி தானே சிறிது தாழ்ந்து, மூடியபின் உயரும். பாட்டரியைக் கழற்றி மாட்டினால் சிலவற்றில் அவ்வெல்லை மறந்துபோகும்; கையேட்டின்படி அதனை மீண்டும் பழக்கினாலே போதும். ஸ்பானர் எடுக்க வேண்டா.

கூரையை இனிமேல் கழற்ற எண்ணுவோர்க்கு ஒன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்சநீதிமன்றமும் 2019இல் இதனை வலியுறுத்தியது. பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றுவோர் சட்டத்துக்கு அஞ்சாவிடினும், வண்டியின் விறைப்புக் குறைவதற்கேனும் அஞ்சுதல் வேண்டும்.

நம் அன்பர் மல்லிக் பஜாருக்குச் செல்லும்போது பழைய ரப்பரில் ஒரு சாண் வெட்டிக் கையோடு கொண்டுசெல்வாராக. அளவைச் சொல்லி வாங்குவதினும் ஒப்பிட்டு வாங்குவதே நலம். நனைந்த துணிக்கூரையை மடிக்காமல், விரித்தபடியே உலரவிடுக. காலவைசாகிப் புயல்கள் தொடங்குமுன்னே இவ்வேலையை முடித்துக்கொள்வது உசிதம்.