பந்தும் பகைமையும்

ஒரு தேசத்தின் ஜனாதிபதி பந்தாட்டம் பார்க்கச் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்றால் நேயர்கள் நம்புவார்களா? அயர்லாந்தில் 1938-ஆம் வருஷத்தில் அப்படித்தான் நடந்தது.

அந்த ஜனாதிபதி சாமானியர் அல்லர். டக்ளஸ் ஹைட் என்னும் அப்பெரியார், அயர்லாந்து ஆங்கில மோகத்தைக் களைய வேண்டுமென்று 1892-இல் பிரசித்தமான பிரசங்கம் செய்தவர். மறு வருஷமே ஐரிஷ் பாஷைக்கு உயிரூட்டக் கெயிலிக் சங்கத்தைக் கண்டவர்களில் ஒருவர். ஆங்கிலேயரிடமுள்ள நல்லதைக் கைக்கொள்வதைத் தாம் எதிர்க்கவில்லை என்றும் அப்பிரசங்கத்திலேயே அவர் சொல்லி வைத்தார். கேட்டவர்களில் பலர் அந்த வாக்கியத்தை மட்டும் மறந்துவிட்டனர் போலும்!

1884-இல் தோன்றிய கெயிலிக் விளையாட்டுச் சங்கம், பிற்காலத்தில் ஒரு கடுமையான விதி செய்துகொண்டது. கிரிக்கெட், ரக்பி, ஹாக்கி, கால்பந்து ஆகிய 'அன்னிய' ஆட்டங்களை ஆடுவோர்க்கும் ஆதரிப்போர்க்கும் சங்கத்தில் இடமில்லை என்பதே அவ்விதி. போலந்துக்கும் அயர்லாந்துக்கும் நடந்த கால்பந்துப் போட்டிக்கு ஹைட் சென்றார். உடனே போஷகர் ஸ்தானத்திலிருந்து அவரை நீக்கிவிட்டனர். ஆடிய இரு கோஷ்டிகளில் ஒன்றுகூட இங்கிலாந்தினுடையதன்று என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இத்துவேஷத்துக்குக் காரணமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 1920 நவம்பர் 21-ஆம் தேதி காலை, டப்ளினில் புரட்சிக்காரர்கள் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் பலரைச் சுட்டுக் கொன்றனர். அன்று பிற்பகலே சர்க்கார் படையினர் க்ரோக் பார்க் மைதானத்தில் புகுந்து, ஆட்டம் பார்க்கக் கூடியிருந்த ஜனங்கள்மீது சுட்டார்கள். 14 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த வீரர். இத்தகைய புண் எளிதில் ஆறுமா?

ஆனாலும் ஆறிற்று. தடை விதி 1971-இல் நீங்கியது. 2007 பிப்ரவரி 24 அன்று, அதே மைதானத்தில் இங்கிலாந்தின் ரக்பி கோஷ்டி வந்து நின்றது. இங்கிலாந்தின் தேசிய கீதம் ஒலித்தபோது, ஐரிஷ் ஜனங்கள் மரியாதையுடன் கேட்டு நின்றார்கள். பிறகு 43-க்கு 13 என்ற கணக்கில் இங்கிலாந்தைத் தோற்கடித்தார்கள்! பழி தீர்ப்பதற்கு இதைவிடக் கண்ணியமான வழி நமக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. அத்தனை வருஷத் தடையும் ஐரிஷ் பாஷையை வீடுதோறும் கொண்டு சேர்க்கவில்லை. அதைத் தினமும் பேசுவோர் இன்றும் சிறு தொகையினரே. அயலான் பந்தை உதைக்கலாகாது என்று விதி செய்வது சுலபம். குழந்தையோடு தாய்பாஷையில் பேசுவதற்கு விதி போதாது, அன்பு வேண்டும். 1947 வரை அதே ஆட்சியின்கீழ் இருந்த நம்மவர் வீடுகளிலும் இதைச் சற்றே யோசித்துப் பார்க்கலாம்.