துவைகல்லுக்கு இனியும் ஒப்பாரி வேண்டாம்

துவைகல்லைப் பற்றி நெகிழ்ந்து எழுதுவது நம் சிற்றிதழ் மரபில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. படித்துறை, ஈரப்புடவை, கல்லில் துணி அறையும் ஓசை. பிறகு அனைத்தையும் சலவை இயந்திரம் விழுங்கிவிட்டதாக ஒரு புலம்பல். எழுதும் நாம் பெரும்பாலும் ஆண்கள். அந்த ஓசையைப் பாயில் படுத்தபடி கேட்டிருக்கிறோமே தவிர, கல்லருகே குனிந்து நின்றவர்கள் அல்லர்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங் 2010இல் ஆற்றிய உரையொன்றில் தம் தாயை நினைவுகூர்ந்தார். இயந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு மகனை நூலகத்துக்கு அழைத்துச் சென்றவர் அவர். வாசிப்பைக் கொண்டாடும் நாம் அந்த இயந்திரத்தைப் பழிப்பது விந்தைதான்.

அதற்காக, வாங்கிப் போட்டதோடு கடமை முடிந்ததென்று மார்தட்டுவோரையும் ஏற்பதற்கில்லை. அமெரிக்க இல்லங்களை ஆராய்ந்த ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் காட்டியது இதுவே: கருவிகள் பெருகியபோது வெளியே போய்க்கொண்டிருந்த சலவை வீட்டுக்குள் திரும்பியது; தாயின் தலையிலேயே விழுந்தது.

நம் வீடுகளிலும் தவணை கட்டுபவர் ஒருவர், இயக்குபவர் இன்னொருவர். ஏழு கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை என்பதுகூட நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? முன்கதவு இயந்திரம் துணியை மேலே தூக்கிக் கீழே விழச் செய்கிறது. கல் செய்த வேலைக்கு மிக நெருங்கியது அதுதான். திணித்து அடைத்தால் துணி விழ இடமில்லை. சலவைப்பொடியை அள்ளிக் கொட்டினால் நுரையே மெத்தையாகி அடியைத் தாங்கிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று நீரின் கால்சியமும் மக்னீசியமும் சூடேற்றியில் உப்பாய்ப் படியும். வெள்ளை வேட்டி பழுப்பேறும். உடனே "பார்த்துப் போடக்கூடாதா?" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுப்போம். சங்கப்பாடலுக்கு மூன்று உரைகளை ஒப்புநோக்கும் நமக்கு, இயந்திரத்தோடு வந்த முப்பது பக்கக் கையேட்டைப் புரட்டப் பொறுமையில்லை. (அதன் தமிழ் பெரும்பாலும் கொடுமையானது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.)

நாம் விவாதித்துத் தீர்த்த நாவல்களில் பாதி, நம் வீட்டுப் பெண்களின் மேசையில் அடையாளத்தாள் செருகியபடி கிடக்கின்றன. துவைகல் குறித்த அடுத்த கட்டுரையைத் தொடங்குமுன், இந்த ஞாயிறன்று பொடி போடும் தட்டை உருவிப் பார்ப்போம். அதன் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருக்கும். பழைய பல்துலக்கி போதும், தேய்த்தால் போய்விடும்.