மீனவருக்குப் பூட்டு, சிலிண்டருக்குச் சாவியா?

போடியிலிருந்து மூணாறுக்கு ஏறும் சாலையும் தனுஷ்கோடிக்கு இறங்கும் சாலையும் ஒன்றுதான். பழைய கணக்கில் 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை: கொச்சியில் புறப்பட்டு மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை என்று ஓடிக் கடலில் போய் முடிந்தது. சனிக்கிழமை காலையில் மெட்டுச் சாலையில் வரிசை கட்டி ஏறும் கார்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு மலை அலுத்துவிட்டது போலிருக்கிறது. இப்போது கடலுக்கு அடியில் போக வேண்டுமாம்.

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவில் ஸ்நார்கெலிங் செய்த படங்கள் வெளிவந்ததும் ஏறிய காய்ச்சல் இது. அதற்கு ஓராண்டு முன்பே சுஹேலி, கடமத் தீவுகளில் தலா 110 அறைகளோடு இரண்டு தாஜ் விடுதிகள் அறிவிக்கப்பட்டிருந்தன. 2026இல் திறப்பு என்றார்கள். அறைகளில் ஒரு பகுதி தண்ணீருக்கு மேலேயே கால் ஊன்றி நிற்குமாம். ‘லட்சத்தீவில் முடிகிறது, நம் மன்னார் வளைகுடாவில் ஸ்கூபா விட்டால் என்ன?’ என்ற பேச்சு ராமநாதபுரத்தைத் தாண்டி எங்கள் போடி ஏலக்காய்க் கடைகள் வரை வந்துவிட்டது. விட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு ஒன்று உண்டு. யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை நான். மன்னார் வளைகுடாவில் 38.9 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, 2016 வெளிறலுக்குப் பிறகு 22.7 சதவீதமாகச் சுருங்கியது. பத்துக்கு நான்கு பங்கு போய்விட்டது. மிச்சமிருப்பதைத்தான் ‘கெடாத பவளப்பாறை’ என்று சொல்லி விற்கப் பார்க்கிறார்கள்.

கடல் பார்க்காத மலையடிவாரத்துக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பவளத்தை ஏலக்காய்க்காரனைவிட நன்றாகப் புரிந்துகொள்ள ஆள் கிடையாது. ஏலச்செடி தன்னந்தனியாக வாழாது. மேலே நிழல் மரம் வேண்டும், கீழே ஈரச் சருகு வேண்டும், வெயில் சல்லடையில் சலித்த மாதிரி விழ வேண்டும். பவளமும் அப்படித்தான். தன் உடம்புக்குள் குடிவைத்திருக்கும் நுண்பாசி சமைத்துத் தருவதைத்தான் பெரும்பாலும் உண்கிறது. நிறமும் அதிலிருந்தே வருகிறது. கடல் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சில வாரம் கொதித்தால் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்து நிற்கும். பட்டினி நீண்டால் சாகும். 2024 கோடையில் இடுக்கி மலையில் ஏலத்தட்டை காய்ந்து தோட்டம் தோட்டமாகச் செத்த அதே மாதங்களில்தான், உலகமெங்கும் நான்காவது முறையாகப் பவளம் வெளிறுவதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள், லட்சத்தீவும் தப்பவில்லை. சரம் கருகிக் கிடக்கும் தோட்டத்துக்குள், ‘வாருங்கள், செடியைத் தொட்டுப் பாருங்கள்’ என்று எந்த விவசாயியாவது டிக்கெட் போடுவானா?

கூட்டிக் கழித்துப் பார்ப்போம். ஓர் இடத்தில் ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் முழுக்குக்கு மேல் போனால் பவளத்தின் சேதம் வேகமாக ஏறுகிறது என்பது செங்கடலிலும் கரீபியனிலும் ஆய்வாளர்கள் கண்டது. 110 அறைக்கு 220 பேர். பாதிப் பேர் நாளுக்கு ஒருமுறை இறங்கினாலும், மழைக்காலம் போக எட்டு மாதத்தில் 26,000 முழுக்கைத் தாண்டும். இது ஒரே ஒரு விடுதியின் கணக்கு. துடுப்புக்காலால் ஓர் உதை, மணலைக் கிளப்பும் ஒரு புரளல், செல்ஃபிக்காக ஒரு பிடி. ஒடிந்த பவளம் பழையபடி வளர ஆண்டுகள் ஆகும்.

எரிச்சல் இன்னொன்றிலும் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தபோது யாருக்குப் பூட்டு விழுந்தது? தீவோரம் வலை விரித்தவருக்கு. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாசி எடுத்த பெண்களுக்கு. 2001இல் கடலட்டையையும் பவளத்தையும் சட்டப் பட்டியலில் சேர்த்தபோது வழக்கு வாங்கியதும் அதே கரைக்காரர்கள்தான். சுண்ணாம்புக்காக முருகைக்கல் எனும் பவளப்பாறையை வெட்டியதால் இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின என்பதால் அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வயிற்றுக்காக முங்கியவரைப் பாதுகாப்பு என்று சொல்லி விரட்டிவிட்டு, பொழுதுபோக்குக்காக முங்குகிறவரைச் ‘சூழல் சுற்றுலா’ என்று அழைத்து வருவது எந்த ஊர் நியாயம்?

உள்ளூருக்கு வேலை கிடைக்கும் என்பார்கள். மூணாறில் கிடைத்த வேலை எது என்று எங்களுக்குத் தெரியும்: அறை கூட்டுவது, ஜீப் ஓட்டுவது. நேரில் பார்த்தால்தான் கடல்மேல் அன்பு வரும் என்பார்கள். எங்கள் போடிப் பக்கம் குரங்கணிக்கு மலையேற வந்தவர்களுக்கும் காட்டின் மேல் அன்பு இருந்தது. 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மாட்டியதில் 23 உயிர்கள் போயின. தூக்கிவர ஓடியவர்களில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். வெயில் முற்றிய பருவத்தில் காட்டுக்குள் போகக் கூடாது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்; அவர்களைக் கேட்டவர்தான் இல்லை. கடலடியில் ஒடிந்த பவளத்தைத் தூக்கிவர எந்த ஊர் ஓடும்?

சூடுதானே கொல்கிறது, முங்குகிறவன் என்ன செய்தான் என்று கெட்டிக்காரர்கள் மடக்குவார்கள். காய்ச்சலில் கிடப்பவனை உதைத்துவிட்டு, ‘செத்தது காய்ச்சலில்தான்’ என்று சொல்கிற வாதம் அது.

எனவே பாதி வழியில் நிற்கும் யோசனைகள் வேண்டாம். கட்டணம், உச்சவரம்பு, வழிகாட்டி எல்லாம் மூணாறிலும் பேசியதுதான். மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவிலும் அடுத்த பத்தாண்டுக்கு உல்லாச சிலிண்டர் ஒன்றுகூட இறங்கக் கூடாது. பத்தாண்டு கழித்தும் திறப்பதா என்பதைச் சுற்றுலாத் துறை முடிவு செய்ய வேண்டாம். கீழக்கரையில் சங்கு குளிப்பவரும் பாம்பனில் பாசி எடுக்கும் அக்காவும் உள்ளே முங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். பூட்டு மாட்டியது அவர்களுக்குத்தான். சாவியும் அவர்கள் கையில் இருக்கட்டும்.