இடுப்பளவும் படகளவும்

"மேடம், எடை எவ்வளவு?" வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது படகுத் துறையில் சத்தமாகக் கேட்டார்கள். சொன்னேன். "கொஞ்சம் குறைச்சிட்டு வாங்களேன்" என்று சிரித்தார் பொறுப்பாளர். அங்கே கிடந்த கயாக்குகளின் அகலத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். கிரீன்லாந்தில் ஒரு வேட்டைக்காரனின் கை விரிப்பையும் இடுப்பையும் அளவாக வைத்துத்தான் அவனுடைய கயாக்கைக் கட்டினார்கள். அதன் மேலுறையான சீல் தோலைத் தைத்தவர்கள் பெண்கள். ஏறியவன் ஆண். பெண்கள் துடுப்புப் போட்டது உமியாக் என்ற பெரிய திறந்த படகில். ஐரோப்பியர் அதைப் 'பெண்கள் படகு' என்றே எழுதிவைத்தார்கள்.

உடம்புக்கு அளவெடுத்த அந்த வழக்கம் தொழிற்சாலைக்குள் நுழையவில்லை. இன்று 'பெண்களுக்கானது' என்று விற்கப்படும் கயாக் பெரும்பாலும் குட்டையானது, ஒடுங்கியது. 'பெரிய உடம்புக்காரர்களுக்கு' என்றால் படத்தில் ஆறடி ஆண் உட்கார்ந்திருப்பான். நூறு கிலோப் பெண்ணுக்கு இரண்டு பட்டியலிலும் இடமில்லை. அவளிடம் மட்டும் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவார்கள்; அவள் வந்திருப்பதே துடுப்புப் போடத்தான் என்பதை மறந்துவிட்டு.

மடிப்புக் கயாக் வாங்கப்போகிறாயா தோழி, முதலில் அகலத்தைப் பார். ஜெர்மனியின் கிளெப்பர் ஏரியஸ் இருவர் படகு 87 சென்டிமீட்டர் அகலம். மரச் சட்டகம், இரு பக்க விளிம்பிலும் காற்றுக் குழாய். ஊதினால் மேலுறை இறுகும், படகு எளிதில் சாயாது. 1956இல் ஹன்னெஸ் லிண்டெமான் இத்தகைய மடிப்புப் படகில்தான் 72 நாட்களில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். இருவர் படகை ஒருத்தி ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; இருக்கையை நடுவுக்கு நகர்த்திக்கொள். முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும், அது உண்மை. பைகளில் பிரித்துத் தூக்கு.

'அதிகபட்சச் சுமை' என்று அச்சிட்டிருப்பதில் நீ மட்டுமல்ல, உன் தண்ணீரும் கூடாரமும் அடக்கம். அந்த எண்ணை நெருங்கினால் படகு தாழ்ந்து, சிறு அலையும் மேலே ஏறும். ஆகவே தாராளமாக மிச்சம் விட்டு வாங்கு. இருக்கையை உயர்த்தினால் முட்டி பிழைக்கும். ஆனால் பாரம் மேலேறிப் படகு ஆடும். அகலமான படகுதான் அந்த உயரத்தைத் தாங்கும். காக்பிட்டின் வாய் நீளமாக இருக்கட்டும், கையூன்றி எழுந்து வெளியே வர.

'இளைத்த பிறகு' என்று நாம் தள்ளிப்போட்ட நீச்சலும் நடனமும் போதும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே படகை விரிக்கச் சொல்லி அரை மணி நேரம் உட்கார். கால் மரத்தால், இடுப்பில் இறுக்கினால், அடுத்ததைக் கேள். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும்.