கண்ணு உருளுற சத்தம் கேட்குதா?

படிக்கிறதை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, கண்ணை இடமும் வலமுமா உருட்டுங்க பார்ப்போம். ஏதாவது சத்தம் கேட்டுச்சா? 'என்ன, லொள்ளா?'ன்னு முறைக்காதீங்க. கண்ணை உருட்டினாலே 'சரக் சரக்'னு காதுக்குள்ள கேட்கிறவங்க நிஜமாவே இருக்காங்க!

அவங்களுக்கு சொந்தக் குரலே மண்டைக்குள்ள மைக் செட் வச்ச மாதிரி அதிரும். நடந்தா காலடிச் சத்தம் காதுக்குள்ள இடிக்கும். பக்கத்துல யாராவது ஹாரன் அடிச்சா உலகமே சுத்தும். தும்மினாலும் அதே கதைதான். இதை ஹாஸ்டல் ரூம்ல சொல்லிப் பாருங்க... 'மச்சி, மறை கழண்டுடுச்சுடா உனக்கு'ன்னு ஓட்டித் தள்ளிடுவாங்க!

ஆனா, கழண்டது மறை இல்லை. எலும்புல ஒரு குட்டி ஓட்டை!

நம்ம ஒவ்வொரு உள்காதுலயும் பேலன்ஸைப் பார்த்துக்க மூணு அரைவட்டக் குழாய்கள் இருக்கு. அதுல மேல இருக்கிற குழாய்க்கும் மூளைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு எலும்புக் கூரை. உள்காதுக்கு ரெண்டே ரெண்டு ஜன்னல்தான். ஒண்ணுல சத்தத்தோட அதிர்வு நுழையும், இன்னொண்ணு அதுக்கு வழிவிடும். கூரையில ஓட்டை விழுந்தா அது மூணாவது ஜன்னல் ஆயிடும். கேட்கிறதுக்குன்னு வந்த அதிர்வு, பேலன்ஸ் குழாய்ப் பக்கமும் பாய்ஞ்சுடும். சத்தம் கேட்டா தலை சுத்துறது இதனாலதான். உடம்புக்குள்ள எழுற சத்தமும் பல மடங்காக் கேட்கும். ஃபிசிக்ஸ் லேப் இசைக்கவையை கணுக்கால் எலும்புல வச்சாக்கூட காதுல கேட்கிறவங்க இவங்கள்ல உண்டு!

1929-லயே இத்தாலி விஞ்ஞானி பியட்ரோ டுல்லியோ, புறாக்களோட அரைவட்டக் குழாய்ல துளை போட்டு, சத்தம் கொடுத்தா அதுங்க தலை ஆடுறதைக் காட்டிட்டார். ஆனா, மனுஷங்ககிட்ட இந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சு விளக்கினது 1998-லதான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர் லாயிட் மைனரும் அவரோட டீமும் எட்டு பேஷன்ட்டுகளை வச்சு எழுதினாங்க.

வைத்தியம்? பஞ்சர் ஒட்டுற வேலைதான். என்ன, மூளைக்குப் பக்கத்துல ஒட்டணும்! காதுக்கு மேல மண்டையோட்டுல சின்னதா திறந்து, மூளையை மெல்லத் தூக்கி, தசை மேல இருக்கிற சவ்வு, எலும்புத் தூள் வச்சு அந்தக் குழாயை அடைப்பாங்க. காதுக்குப் பின்பக்கமா போறதும் உண்டு. அடைச்ச குழாய் ரிட்டயர் ஆயிடும். மிச்சமுள்ள அஞ்சு குழாய்களை வச்சு மூளை சமாளிக்கப் பழகிக்கும். கொஞ்ச நாள் தள்ளாட்டம் இருக்கலாம். சிலருக்கு கேட்கும் திறன் குறையுற ரிஸ்க்கும் இருக்கு. அதனால, தொந்தரவைத் தாங்கிக்க முடிஞ்சவங்களுக்கு ஆபரேஷனே வேண்டாம்னுதான் டாக்டர்கள் சொல்வாங்க.

ஒரு விஷயம். தலை சுத்துறது எல்லாமே ஓட்டை இல்லை. சத்தம் கேட்டா எரிச்சல் வர்றதும் ஓட்டை இல்லை. நீங்களா முடிவு பண்ணாதீங்க. காது பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் பார்த்து இ.என்.டி. டாக்டர்தான் சொல்லணும்.

உங்க கேங்ல யாராவது 'எனக்குள்ள ஏதோ சத்தம் கேட்குதுடா'ன்னு சொன்னா, கலாய்க்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை காது கொடுத்துக் கேளுங்க. அதைச் சொல்ல அவன் எத்தனை நாள் தயங்கினானோ!

அடுத்த வாரம் மீட் பண்ணலாமா?