சத்தம் போடுகிறவனிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்

 

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து என் தங்கை மகன் பேசினான். பழைய ஹோண்டா சிபி 400 சூப்பர் ஃபோர் ஒன்று வாங்கியிருக்கிறான். 399 சிசி, நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர். நம் ஊரில் புல்லட்டுக்கு இருக்கும் பெயர் அங்கே அந்த வண்டிக்கு. எக்ஸாஸ்ட் பைப் அடியில் துருப்பிடித்துப் பொத்தல் விழுந்துவிட்டதாம். "மாமா, வெளி மார்க்கெட் எக்ஸாஸ்ட் மாட்டலாம்னு இருக்கேன். அம்மா திட்டுறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றான். அவன் வைத்த அடுத்த நிமிஷம் தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, ஊரையே கூட்டுற சத்தம் போடுமாம். வேண்டாம்னு சொல்லுங்க."

இருவருக்கும் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் பழைய ஆர்எக்ஸ் 100, புல்லட் வைத்திருக்கிறீர்கள். சிலர் ஒர்க்‌ஷாப்பே நடத்துகிறீர்கள். தவறு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் தங்கைக்கு. மாற்றுவது குற்றமில்லை. பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும் என்று ஏழாம் வகுப்பில் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? பக்கத்துக் கடைக்கே போய் வரும் வண்டியில் பைப் முழுதாகச் சூடாவதில்லை. நீர் உள்ளேயே தங்கி, பைப்பை உள்ளிருந்து அரிக்கிறது. நான்கு பைப்பும் கூடும் அடிப்பகுதிதான் பெரும்பாலும் முதலில் போகும். பழைய வண்டிக்குக் கம்பெனி பைப் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை மலைக்க வைக்கும்.

"கம்பெனி கொடுத்ததைத் தொடக் கூடாது" என்பதும் முழு உண்மையில்லை. 1969இல் வந்த ஹோண்டா சிபி 750க்கு நான்கு சிலிண்டருக்கு நான்கு பைப், நான்கு சைலன்சர். எழுபதுகளின் தொடக்கத்தில் யோஷிமுரா பந்தயத்துக்காக நான்கையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். எடை குறைந்தது, இன்ஜினும் நன்றாக மூச்சு விட்டது. 1975இல் ஹோண்டாவே சிபி 400 எஃப் வண்டியை நான்குக்கு ஒன்று பைப்போடு விற்றது. வெளியில் செய்த மாற்றத்தைக் கம்பெனியே பின்பற்றியது!

அடுத்து மருமகனுக்கு. மாட்டுவதென்றால் ஒழுங்காக மாட்டு.

சிலிண்டர் ஹெட்டில் பைப்பைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் துருவேறி இருக்கும். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் முறியும். முறிந்த ஸ்டட்டை எடுக்கிற செலவு சில நேரம் பைப் விலையையே தொடும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வை. நான்கு கேஸ்கெட்டும் புதிதாகப் போடு. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, பைப் இயல்பாக உட்கார்ந்த பிறகே முடுக்கு. ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கத்தை இழுத்துச் சேர்த்தால் பின்னால் விரிசல் விடும். வாங்கும் முன் ஒன்று பார்: பைப்பைக் கழற்றாமல் ஆயில் ஃபில்டரை எடுக்க முடியுமா? சென்டர் ஸ்டாண்டு மடங்கி நிற்க இடம் இருக்கிறதா?

இன்னொன்று. புகை சுலபமாக வெளியேறினால் கார்புரேட்டர் கொடுக்கும் பெட்ரோல் போதாமல் போகலாம். பிளக் வெளுக்கும், இன்ஜின் கொதிக்கும், இடைவேகத்தில் வண்டி திணறும். ஜெட் மாற்றி நான்கு கார்புரேட்டரையும் சமன் செய்யத் தெரிந்தவரிடம் போ. பைப்புக்குக் காசு இருக்கிறது, இதற்கு இல்லை என்றால் பைப்பையும் வாங்காதே.

இதெல்லாம் நட்டு போல்ட்டு விஷயம். நான் சொல்ல வந்தது சத்தத்தைப் பற்றி. அதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

1989இல் பழைய புல்லட் ஒன்று வாங்கினேன். அறந்தாங்கிப் பக்கம் அந்த வண்டியில் போன வாத்தியாரைச் சிலருக்கு நினைவிருக்கும். ஒரு மெக்கானிக் சைலன்சருக்குள் இருந்த தடுப்பை உருவிக் கொடுத்தார். என்ன ஒரு சத்தம்! பெருமையாக இருந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. இரவு வகுப்புகளுக்குக் கிராமம் கிராமமாகப் போனேன். திரும்பும்போது மணி பத்தரை, பதினொன்று ஆகும். நல்ல காரியம் செய்துவிட்டு வருகிறோம் என்ற நிறைவோடு தெருவுக்குள் நுழைவேன்.

1993இல் அந்தச் சைலன்சர் உடைந்தது. கடையில் சாதாரண சைலன்சர்தான் இருந்தது. வேறு வழியின்றி மாட்டினேன். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மா என் மனைவியிடம் கேட்டார்: "அக்கா, ஒரு வாரமா பாப்பா ராத்திரி முழிக்காமத் தூங்குது. சார் வண்டிய மாத்திட்டாரா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்த வீட்டில் தினமும் குழந்தை அலறி எழுந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாத்தியாரிடம் எப்படிக் கேட்பது என்று பொறுத்திருக்கிறார்கள். நானோ, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்திருந்தேன்.

அன்று கற்ற பாடம் இதுதான். சத்தத்தை மிகக் குறைவாக உணர்பவன் ஓட்டுகிறவன். சைலன்சரின் வாய் பின்னால் பார்க்கிறது. அவன் முன்னால், ஹெல்மெட்டுக்குள், காற்றிரைச்சலில் இருக்கிறான். அதிலும் வெளி மார்க்கெட் சைலன்சருக்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சு நாளாக ஆகக் கருகிக் குறையும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஓட்டுகிறவன் காது பழகிவிடும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பழகாது.

"சத்தம் இருந்தால்தான் லாரிக்காரன் ஒதுங்குவான், உயிர் தப்பும்" என்பவர்கள் உண்டு. எதிரே வந்து குறுக்கே திரும்புகிறவன் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருக்கிறான். சத்தமோ பின்னால் போகிறது. அதற்கு ஹெட்லைட்டும் ஹாரனும் நிதானமும் போதும்.

சட்டமும் உண்டு. சிங்கப்பூரில் போக்குவரத்து ஆணையம் ஏற்காத எக்ஸாஸ்ட் மாட்டினால் குற்றம். நம் நாட்டில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி வரம்பை மீறும் வண்டிக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் போலீசுக்குப் பயந்து அடங்குகிறவன் போலீஸ் இல்லாத தெருவில் மறுபடி தடுப்பை உருவுவான்.

அதனால் மருமகனிடம் சொன்னேன்: "மாப்ள, மாட்டிக்கோ. அங்கே அனுமதி உள்ளதா பார்த்து வாங்கு. உள்ளே இருக்கிற தடுப்பை உருவாதே. மாட்டினதும் நண்பனை விட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நீ மாடியில பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு கேளு. அவங்ககிட்ட தொந்தரவா இருக்கான்னு கேக்காதே, இல்லைன்னுதான் சொல்வாங்க. உன் காதாலயே கேளு." சரி என்றான். தங்கைக்கும் திருப்தி.

உங்களுக்கும் அதே வேண்டுகோள். இன்று மாலையே செய்து பாருங்கள்.

அந்தப் பாப்பா பின்னாளில் என் வகுப்பிலேயே படித்தாள். இந்தப் பக்கத்தில் இருக்கிறாள், இதையும் படிப்பாள். அம்மா, உன்னிடமும் உன் பெற்றோரிடமும் இத்தனை வருஷம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்