கரிபூ வேட்டையும் காலந்தாழ்த்த விதிகளும்

கனடா தேசத்தின் வடபாகத்தைப்பற்றி எம் மாணவர் பூமிசாத்திர பாடத்திற் படிப்பது இரண்டு பக்கங்களுக்கு மேற்படாது. மரமற்ற துந்திரா வெளி, நெடிய மாரி, பாசி மேய்ந்து திரியும் மான்மந்தை என்பவற்றோடு பாடம் முடிந்துவிடும். அம்மானின் பெயர் கரிபூ. ஐரோப்பாவின் வடகோடியிற் சறுக்குவண்டி இழுக்கும் பனிமானும் இதுவும் ஓரினமே. குளம்பினாற் பனியைக் கிளறி அடியிலுள்ள உணவை எடுப்பது இதன் வழக்கம். அவ்வழக்கங் கண்டு மிக்மாக் என்னும் பூர்வகுடியினர் இட்ட பெயரே பிரெஞ்சுக்காரர் வாயிற் கரிபூ எனத் திரிந்தது. இப்பிராணியை வேட்டையாடுவது பற்றிய விதிகள் 2010ஆம் ஆண்டு தொடக்கம் அடுத்தடுத்து மாற்றப்பட்டு வந்துள்ளன. அம்மாற்றங்களினால் வேட்டைக்காரரும், அவர்களை நம்பித் தொழில் நடத்தினோரும் அடைந்த இடர்களை ஆராய்ந்து எமது கருத்தைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். எமது பழைய மாணவருட் பலர் இன்று கனடாவிற் குடியிருக்கின்றனராதலின், அந்நாட்டுக் காரியம் இம்மலரின் வாசகருக்கு முற்றிலும் அயற்காரியம் ஆகாது.

முதலில் மந்தையின் கணக்கைப் பார்ப்போம். கணக்கறியாது நியாயம் பேசுதல் பொருந்தாது. கியூபெக் மாகாணத்தின் வடகிழக்கில், லாபிரடோர் எல்லையை அண்டி, ஜோர்ஜ் ஆறு ஓடுகின்றது. அவ்வாற்றின் பெயரால் வழங்கும் மந்தை 1950களின் நடுவிற் சில ஆயிரமாக இருந்தது. அது பெருகிப் பெருகி, 1993ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எட்டு இலட்சத்தை அண்மியது. 1984ஆம் ஆண்டு புரட்டாதியிற் கனியாபிஸ்கோ என்னும் ஆற்றைக் கடக்க முயன்று ஏறக்குறையப் பதினாயிரம் கரிபூக்கள் ஒருங்கே மாண்டன; அத்துணைப் பெரிய அழிவும் அம்மந்தையின் பெருக்கத்தைத் தடுக்கவில்லை. பின்னர் இறங்குமுகம் தொடங்கிற்று. 2001இல் 385,000, 2010இல் 74,000, 2012இல் 27,600, 2018இல் 5,500. மேற்கே லீப் ஆற்று மந்தை 2001இல் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்து, 2016இல் இரண்டு இலட்சமளவிற் குறைந்தது.

மேலே தந்த எண்களில் வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஜோர்ஜ் ஆற்று மந்தையை 2001இல் எண்ணியபின் அடுத்த முழுக் கணக்கெடுப்பு 2010இலேயே நிகழ்ந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு மறைந்துவிட்டது. அவ்வொன்பது ஆண்டுகளிலும் வேட்டைக்கு அனுமதிப்பத்திரம் விற்கப்பட்டே வந்தது. பின்னால் நேர்ந்த இடர்கள் யாவற்றுக்கும் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது என்பது எமது துணிபு.

மந்தை குன்றியமைக்கு அறிஞர் ஒரே காரணங் கூறுவதில்லை. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகுதலும் அருகுதலும் இவ்வினத்துக்கு இயல்பு. அளவுக்கு மிஞ்சிப் பெருகிய மந்தை தன் கோடைகால மேய்ச்சல் நிலத்தைத் தானே அழித்துவிடுகின்றது. வெப்பம் ஏறுதல், இரத்தம் உறிஞ்சும் பூச்சிகள், ஓநாய், கரடி, சுரங்கம், வீதி என ஏனைய காரணங்களும் உள. வேட்டை மாத்திரமே மந்தையை அழித்தது என்பது பிழை. ஆயினும் பெட்டைக் கரிபூ ஆண்டுக்கு ஒரு கன்றே ஈனும். எட்டு இலட்சத்தில் உறைக்காத துவக்குவேட்டு எட்டாயிரத்தில் உறைக்கும்.

இனி, வேட்டையை நம்பித் தொழில் நடத்தினோரைப் பார்ப்போம். இவரை ஆங்கிலத்தில் அவுட்பிற்றர் என்பர்; வேட்டைவிடுதிக்காரர் என நாம் இங்கு வழங்குவோம். கியூபெக்கின் வடபாகத்தில் வேட்டையாட விரும்பும் பிறநாட்டார் இவர் துணையின்றி அதனைச் செய்தல் சட்டப்படி இயலாது. இவர்க்கு வாய்த்த நிலமோ வீதியற்றது. ஷெபர்வில் என்னும் ஊருக்குப் புகையிரதம் உண்டு. மோட்டார் வீதி இல்லை. அங்கிருந்து நீரில் இறங்கும் சிறு ஆகாயவிமானத்தில் ஏரிக்கரைக் கொட்டில்களுக்கு ஆளையும் அரிசி மாவையும் எண்ணெய்ப் பீப்பாவையும் ஏற்றிச் செல்லல் வேண்டும். குசினிக்கு ஒருவர், இறைச்சி உரித்துக் கட்ட ஒருவர், வழிகாட்ட ஒருவர், விமானமோட்ட ஒருவர் எனப் பலர்க்கு இதனாற் சீவனம் நடந்தது. ஷெபர்வில்லின் இரும்புச் சுரங்கம் 1982இல் மூடப்பட்டபின், அவ்வூரிற் பணம் புழங்கிய தொழில்களுள் இது குறிப்பிடத்தக்கது. ஆவணி, புரட்டாதி ஆகிய சில கிழமைகளே பருவம். அச்சில கிழமைகளின் வருவாயே ஆண்டு முழுவதற்கும் முதல். ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வருவோர் ஓராண்டு ஈராண்டு முன்னரே முற்பணங் கட்டி இடம் பிடிப்பர். மந்தை பெருகியிருந்த நாளில் ஓர் அனுமதிப்பத்திரத்துக்கு இரண்டு கரிபூ என்பது விதி. இரண்டு என்னும் அவ்வெண்ணை நம்பியே விளம்பரமும் விலையும் விமானத்தின் சுமையும் அமைந்தன.

அந்நம்பிக்கை சில ஆண்டுகளுள் முற்றாகக் குலைந்தது. 2012இல் ஜோர்ஜ் ஆற்று மந்தைமீது கியூபெக்கில் விளையாட்டு வேட்டை நிறுத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டு தையில் லாபிரடோரில், பூர்வகுடியினர் உட்பட எல்லோருக்கும் ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஐந்தாண்டு கழிந்தும் அத்தடை நீங்கவில்லை. லீப் ஆற்று மந்தையே இனித் துணையென்று விடுதிக்காரர் மேற்கே நகர்ந்தனர். 2016ஆம் ஆண்டு மார்கழியில் அதற்கும் முடிவு அறிவிக்கப்பட்டது: 2018 பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கம் விளையாட்டு வேட்டை இல்லை. அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையே ஓர் இலையுதிர்காலமே எஞ்சியிருந்தது.

கொட்டிலை விற்கலாமே என்று கேட்போர் அவ்வூரை அறியாதோர். வீதியற்ற ஏரிக்கரையில் மான் இல்லாத வேட்டைக் கொட்டிலை வாங்குவார் யார்? மீன்பிடிக்கும் விருந்தினரைக் கொண்டு சிலர் சமாளிக்கலாம். ஆயினும் ஆயிரக்கணக்கான மைல் கடந்து கொம்புக்காக வந்தவர் மீனுக்காக வருவர் என்பது நிச்சயமன்று. வேட்டைக்காரரோ நியூபவுண்லாந்துத் தீவையும் அலாஸ்காவையும் நாடலாம்; ஓரிடத்திற் கதவடைத்தால் மற்றோரிடத்தில் நெருக்கடி ஏறும் என்பதை விதி செய்வோர் மறந்துவிடுகின்றனர். அலாஸ்காவின் வடமேற்கில் 2003இல் 490,000 ஆயிருந்த மந்தை 2023இல் 152,000 ஆயிற்று. அவ்வளவு குறைந்தும், உள்ளூர்வாசி ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கொல்லலாம் என்னும் விதி 2024இலேயே ஆண்டுக்குப் பதினைந்து, அதிலும் பெட்டை ஒன்றே, என மாற்றப்பட்டது. நாளுக்கு ஐந்திலிருந்து ஆண்டுக்குப் பதினைந்துக்கு ஒரே தாவல்! இடையிலே எத்தனை படிகள் வைத்திருக்கலாம்?

விடுதிக்காரர் பக்கம் முழு நியாயமும் உண்டென்று நாம் கூறவரவில்லை. நெடுநாள் எண்ணாத மந்தையை எண்ணுக என்று முதலிற் குரலெழுப்பியிருக்க வேண்டியவர், அம்மந்தையால் வாழ்ந்த அவரே. வணிகர் தம் பண்டகசாலையை ஆண்டுதோறும் எண்ணுவர்; தம் முதலாகிய மந்தையை எண்ணாதிருக்க இவர் உடன்பட்டது விந்தை. எனினும் பத்திரம் விற்றது அரசு, வரி வாங்கியது அரசு, கணக்கெடுக்குங் கடமையும் அரசினுடையதே. ஆகவே வேட்டையை நிறுத்தும்போது தொழிலை இழப்போர்க்கு ஈடு கொடுத்தல் தருமமன்று, கடன்.

ஆயின் விடுதிக்காரரின் இழப்பைப் பணத்தால் அளந்துவிடலாம். பணத்தால் அளக்கவியலாத இழப்பும் ஒன்றுண்டு. லாபிரடோரிலும் கியூபெக்கிலும் வாழும் இன்னு மக்களுக்குக் கரிபூ வெறும் இறைச்சியன்று. அம்மந்தைக்கு ஓர் அதிபதி உண்டென்றும், எலும்பை நாய்க்கு எறிதல் அவ்வதிபதியை அவமதித்தலாமென்றும் அவர்தம் முன்னோர் நம்பினர். எலும்பினுள் இருக்கும் நெய்யை எடுத்து ஊர்கூடி உண்ணும் மகுஷான் என்னும் விருந்து அவர்க்குச் சமயச் சடங்கு. 2013ஆம் ஆண்டுத் தடையை அவர்கள் ஏற்க மறுத்தமையைச் சட்டமீறல் என்று மாத்திரம் எழுதிவிடுதல் எளிது. சட்டமே வேறொரு முறையையும் சொல்கின்றது. 1990இல், மஸ்குவியம் குடியைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்பாரோ என்னும் மீனவரின் வழக்கிற் கனடா உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, உயிரினத்தைக் காத்தல் முதலாவது. அதன்பின் பூர்வகுடியினரின் உணவுக்கும் சடங்குக்குமான பங்கு. அதன்பின்னரே விளையாட்டும் வணிகமும். இவ்வரிசை நேரியது என்றே நாமுங் கருதுகின்றோம். வரிசையைப் பேணுவதற்கோ காலம் வேண்டும். 2001க்கும் 2010க்கும் இடையில் விருந்தினர் வேட்டையைப் படிப்படியாகக் குறைத்திருந்தால், குடிகளின் பங்கிற் கைவைக்க வேண்டிய நாள் தள்ளிப்போயிருக்கக் கூடும். எல்லாக் கதவையும் ஒருங்கே அடைக்க நேர்ந்தபோது வரிசை எங்கே நின்றது?

தமிழ் கற்பிக்கும் எமக்கு இவ்விடத்தில் வேறொரு கவலையும் தோன்றுகின்றது. மானுக்கு எம் மொழியிற் கலை, பிணை, இரலை, நவ்வி, மறி என எத்தனை சொற்கள்! இன்று அவற்றை மாணவன் நிகண்டிலன்றி வேறெங்குங் காணான். காட்டில் நடந்தோர் வாயிலிருந்த சொற்கள், நடப்பார் இன்மையின் ஏட்டுக்குட் புகுந்தன. வேட்டைக்குப் போகாது பத்து ஆண்டு வளர்ந்த இன்னுச் சிறுவன், கொம்பின் வயதையும் தோலின் பதத்தையும் குறிக்கும் தன் பாட்டனாரின் சொற்களை எவ்விடத்திற் கேட்பான்?

இதற்கு ஒரு குடி கண்ட விடை எமக்கு மிகவும் உவப்பானது. கனடாவின் வடமேற்கு ஆள்புலத்தில் பதர்ஸ்ட் மந்தை என ஒன்றுண்டு. 1986இல் நான்கரை இலட்சத்துக்கு மேலிருந்த அது 2009இல் 32,000 ஆகவும், 2018இல் 8,200 ஆகவும் சுருங்கிற்று. 2010 தையில் அரசு அவ்விடத்தில் வேட்டையைத் தடுத்தது. பின் பேச்சுவார்த்தையினால் ஒரு சிறு பங்கு விடப்பட்டு, 2015 முதல் அதுவும் இல்லையாயிற்று. அங்கு வாழும் திலிச்சோ மக்கள் துவக்கை வைத்துவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. 2016 முதல் அவர்தம் முதியோரும் இளைஞரும் கோடையிற் கொண்ட்வொய்ற்றோ ஏரிக்கரையிற் கூடாரமிட்டுத் தங்கி, மந்தையைப் பின்தொடர்ந்து நடந்து, கன்றுகளின் நிலை, மேய்ச்சல், ஓநாய், சுரங்க வீதியின் தூசி ஆகியவற்றைப் பார்த்துக் குறித்து வருகின்றனர். கொல்லாத வேட்டை என்று இதனைச் சொல்லலாம். தடைவிதிக்கும் அரசு தடையோடு கூடவே இத்தகைய பணிக்குப் பொருளும் ஒதுக்குதல் வேண்டும். தொழிலிழந்த வழிகாட்டிகளையும் விமானமோட்டிகளையும் இதிற் சேர்த்துக்கொண்டால், கணக்கெடுப்புக்கு ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டிய தேவையும் ஒழியும்.

முன்கூட்டியே படி வகுத்தல் ஆகாத காரியமென்று உத்தியோகத்தர் கூறலாம். ஆகும் என்பதற்கு அதே நாட்டிற் சான்றுளது. யூக்கோன், அலாஸ்கா எல்லையிற் சுற்றித்திரியும் போர்க்குப்பைன் மந்தைக்கு, பூர்வகுடிகளும் அரசுகளும் கூடி 2010இல் ஒரு வேட்டைத் திட்டம் வகுத்தனர். வீதிச் சந்தியில் உள்ள விளக்குப்போல அதற்கு நிறங்கள் உண்டு. மந்தை 115,000க்கு மேலிருந்தாற் பச்சை. அதற்குக் கீழே 80,000 வரை மஞ்சள். அதன்கீழ் 45,000 வரை செம்மஞ்சள். அதற்குங் கீழே சிவப்பு. எந்த நிறத்தில் யார் எதனை விடவேண்டும் என்பது முன்னரே எழுதப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் கூடிக் கணக்குப் பார்க்கின்றனர். மஞ்சள் எரிந்தால் அடுத்தது யாதென்று வேட்டைக்காரனும் அறிவான், விடுதிக்காரனும் அறிவான். முற்பணம் வாங்குமுன் நிறத்தைப் பார்த்துக்கொள்ளலாம். விதி இதைவிடக் கடுமையாயினும் தாங்கலாம். அது எந்நாளில் எங்கிருந்து விழும் என்று தெரியாதிருத்தலே தாங்கொணாதது.

ஜோர்ஜ் ஆற்று மந்தை 2022இல் 7,200 என எண்ணப்பட்டது. சில ஆயிரத்திலிருந்து எட்டு இலட்சமளவுக்கு ஏறிய வரலாறு அம்மந்தைக்கு உண்டாதலின், மீண்டும் பெருகுதல் நடவாததன்று. அவ்வாறு பெருகும் நாளில் விடுதிக்காரர் விமானத்தோடு வருவர். வேட்டைக்காரர் முற்பணத்தோடு வருவர். இரண்டு என்னும் பழைய எண் மறுபடியும் பேசப்படும். எத்தனை ஆயிரமானால் இன்னு மக்களின் விருந்துக்கு முதற்பங்கு, எத்தனை இலட்சமானால் வெளியார்க்கு ஒரு பத்திரம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயக் கணக்கெடுப்பு, தொழிலை நிறுத்த நேரின் எத்தனை ஆண்டு முன்னறிவித்தல் என்பவற்றைக் கியூபெக்கும் லாபிரடோரும் மந்தை சிறிதாயிருக்கும் இப்பொழுதே குடிகளோடும் விடுதிக்காரரோடும் இருந்து எழுதிவைத்தல் வேண்டும்.